பிள்ளையார் காவலில் கோர்ட்டு உத்தரவு

நல்ல காரியத்துக்குப் போகும்போது சாமி கும்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் இருபது வயதில் ஒரு மனிதரை ஊரைவிட்டே அனுப்பப் பார்த்தேன்.

அப்போது நான் பினாங்கில் ஒரு வக்கீலிடம் கிராணி (குமாஸ்தாதான்). துறைமுகக் கூலிகளைக் கூட்டிப் பேசிய ஆயர் ஈத்தாம் ஊர்க்காரர் முனியாண்டியைப் போலீஸ் பிடித்து, நாடுகடத்தக் கப்பலில் ஏற்றிவிட்டது. அந்நியரை நாடுகடத்தத்தான் சட்டத்தில் இடமுண்டு. முனியாண்டி இங்கேயே பிறந்தவர். அவரைக் கோர்ட்டில் நிறுத்தும்படி நீதிபதி உத்தரவு போட்டார். கப்பல் மூன்று மணிக்கு.

"கப்பல் அதிகாரி கையில கொடுத்தாத்தான் இதுக்கு உயிர். ஓடு!" என்றார் வக்கீல்.

ஓடினேன், பிள்ளையார் கோயிலுக்கு! கூட வந்த முனியாண்டியின் மனைவி அஞ்சலையக்கா, "தம்பி, நேரமாச்சு லா" என்று கெஞ்சினார். கேட்டேனா? குருக்கள் உத்தரவை வாங்கிச் சாமி பாதத்தில் வைத்தார். நான் வெளியே வந்து தேங்காய் உடைத்தேன். அதோடு விட்டேனா, பூக்காரம்மாவுக்குச் சட்டத்தின் மகிமையைப் பற்றி ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். திரும்பிப் பார்த்தால் உச்சிவேளைப் பூசை முடிந்து நடை சாத்தியிருந்தது. உத்தரவு உள்ளே.

குருக்களின் வீட்டுக்கு ஓடினோம். சாப்பிட்டுப் படுத்திருந்தார்.

"இனிமே சாயந்திரம்தான் திறக்கணும். விதிப்பா."

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆபத்துக்குப் பாவமில்ல சாமி. எம் புருஷன் போயிட்டா அந்த விதிய வச்சு நான் என்ன செய்ய?"

குருக்கள் எழுந்து குளிக்கப் போனார். (குளிக்காமல் கருவறைக்குள் நுழையக் கூடாதாம்.) அவர் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொள்ள, எனக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. உத்தரவு கைக்கு வந்தபோது மணி இரண்டரை.

நாங்கள் ஏறிய சம்பான் படகு கப்பலை நெருங்கும்போது நங்கூரம் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். தாளைப் பார்த்த வெள்ளைக்கார அதிகாரி முகம் சுளித்தார். சந்தனம், குங்குமம், விளக்கு எண்ணெய். முத்திரையைக் காணோம்.

"இது கோர்ட்டுக் காகிதமா, பூசைக் காகிதமா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா தாளைப் பிடுங்கி முந்தானையால் மெதுவாகத் துடைத்தார். முத்திரை தெரிந்தது. முனியாண்டி இறங்கி வந்தார்.

இங்கே பிறந்ததை நிரூபித்து அவர் விடுதலையானார். என் கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் முன்னால், "என்னை மீட்டதும் இந்தத் தம்பிதான், என் விடுதலையப் பிள்ளையார்கிட்ட அடைச்சு வச்சதும் இந்தத் தம்பிதான் லா!" என்று போட்டு உடைத்தார்.

அன்றிலிருந்து என் மனைவி எந்தக் காகிதத்தையும் என்னை நம்பிக் கோயிலுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. மகளின் கல்யாணப் பத்திரிகையைக்கூட ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் பிள்ளையாருக்கு வைத்தோம்.