ஒரு ரூபாய் முன்னாடி கட்டுங்க சாமி

செங்கம் சாலையில் அன்று காலை இட்லிக் கடைகளில் கூட்டமில்லை. கூட்டமெல்லாம் ஒரு வாடகை வீட்டு மாடியில், பெரிய டி.வி.க்கு முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தது. டி.வி.யில் தெய்வம் எதுவும் இல்லை. பொன்மலை ஆயில்ஸ் என்ற கம்பெனியின் பங்கு விலை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காவி வேட்டியும் ஸ்மார்ட் வாட்ச்சுமாய்ச் சந்தைக்கட்டு சாமியார்.

பேய்க்குக் கட்டு, பாம்புக்குக் கட்டு என்று கேள்விப்பட்ட ஊர்தான். இவர் ஷேருக்குக் கட்டுப் போடுகிறவர். விலை சரியும்போது செல்போனை ஒரு பார்வை பார்ப்பார். மஞ்சள் கயிற்றை எடுத்து டி.வி.யின் காலில் முடிச்சுப் போடுவார். "நில்!" என்பார். விலை நின்றுவிடும். அன்று முழுக்க ஒரு பைசா இறங்காது. மறுநாள் காலையில் மறுபடி இறங்கும். எவனோ மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கட்டை அவிழ்த்துவிட்டானாம். கிரிவலக் கூட்டத்தில் அந்தப் பாவியைத் தேடிப் பிடிக்கவா முடியும்? மறுபடி முடிச்சு, மறுபடி காணிக்கை.

லாட்ஜ் மேனேஜர் பரசுராமனுக்கு முதல் வரிசையில் இடம். லாட்ஜுக்கு யார் வந்தாலும் ஆதார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பி, முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சாவி கொடுப்பார். சாமியாரிடம் மட்டும் பெயர்கூடக் கேட்டதில்லை. சேமிப்பு முழுவதும் பொன்மலையில் இருந்தது. அவிழாத 'நிரந்தரக் கட்டு' ஒன்று உண்டு, அதற்குத் தங்கம் வைக்க வேண்டும் என்று சாமியார் சொல்லியிருந்தார். அதனால் மனைவி நந்தினியின் சங்கிலி இப்போது பரசுராமனின் சட்டைப்பையில். நந்தினி சண்டை போடவில்லை. "இது திரும்பி வருமாங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

அப்போது படியேறி வந்தார் மெஹ்ஜபீன். தேரடி வீதியில் ஷேர் புரோக்கர் ஆபீஸ் நடத்துகிறவர். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இங்கேதான் கைகூப்பியிருந்தார்கள்.

"பரசுண்ணா, விக்கிறதா வேணாமான்னு கேக்க வர்றேன்னீங்க. இங்க வந்து குந்தியிருக்கீங்க?"

"சாமி கட்டிடுவாரும்மா. எந்த விலைல கட்டுறாருன்னு மட்டும் பாருங்க."

"நூத்தித் தொண்ணூறுல கட்டுவாரு."

கூட்டம் திரும்பியது. விலை அப்போது நூற்றுத் தொண்ணூற்றேழு.

சாமியாரின் கை கயிற்றிலேயே நின்றது. "உனக்கு எப்படிம்மா தெரியும்? யார்கிட்ட உபதேசம் வாங்கின?"

"கணக்கு வாத்தியார்கிட்ட. நேத்து இருநூறுல முடிஞ்சுது. இந்த ஷேர் ஒரே நாள்ல நூத்துக்கு அஞ்சுக்கு மேல இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாதுன்னு எக்ஸ்சேஞ்ச் ரூல். ஜனங்க மிரண்டுபோய் விலைய ஒரேடியா சாச்சிடக் கூடாதுன்னு வெச்ச பிரேக்கு. இன்னிக்கு எதுவரைக்கும் இறங்கலாம்னு உங்க போன்லயே காட்டும். அதப் பாத்துட்டுத்தான கயிற எடுக்கிறீங்க?"

"அபச்சாரம்!"

"சரி சாமி. போனை இப்படி வெச்சிட்டு, ஒரே ஒரு ரூபா முன்னாடி கட்டுங்க. நூத்தித் தொண்ணூத்தொண்ணுல நின்னுடுச்சுன்னா, ஆபீஸை இழுத்து மூடிட்டு உங்களுக்கு உண்டியல் தூக்குறேன்."

பரசுராமனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "கட்டுங்க சாமி! ஒரு ரூபா ஜாஸ்தி கிடைச்சா நல்லதுதானே!" எதிரியை உதறிவிடலாம். இப்படி நம்புகிற பக்தனிடம் சாமியார் எப்படித் தப்பிப்பார்?

விலை இறங்கியது. நூற்றுத் தொண்ணூற்று மூன்று, இரண்டு. சாமியார் முடிச்சுப் போட்டார். "நில்!" நிற்கவில்லை. இன்னொரு முடிச்சு. "நில்லு!" நூற்றுத் தொண்ணூற்றொன்றைக் கும்பிடக்கூட நேரம் தராமல் கடந்து, நூற்றுத் தொண்ணூற்றில் போய்ச் சமர்த்தாக நின்றது.

"இப்ப அந்தக் கயிற அவுத்துடுங்கண்ணா," என்றார் மெஹ்ஜபீன்.

பரசுராமன் அவிழ்த்தார். விலை அசையவில்லை.

"எவனோ மலையை எதிர்ப்பக்கம் சுத்திட்டான்!" என்று சாமியார் கத்தினார்.

"தினமும் சுத்துறவன், கரெக்டா அஞ்சு பர்சென்ட்ல கால் வலிச்சு உக்காந்துடுறானா?"

முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது. பரசுராமன் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சாமியாரைக் கேள்வி கேட்டார்.

"சாமி, நீங்க இந்த ஷேர் எவ்ளோ வெச்சிருக்கீங்க?"

"நானா? எனக்கின்னா பைத்தியமா? போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருக்கேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார். வெறுங்காலோடு போகிறவரை இந்த ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? கிரிவலப் பாதையில் எந்தப் பக்கமாக ஓடுகிறார் என்று மட்டும் மாடியிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம்.

"இப்ப வித்துடலாமாம்மா?" என்றார் பரசுராமன்.

"வாங்குறதுக்கு ஆளில்லண்ணா, விக்கிறவங்க வரிசைதான் நிக்குது. பிரேக்கு வண்டிய நிறுத்தும், மேட்டுல ஏத்தாது. ஆபீசுக்கு வாங்க. கம்பெனி நெலவரத்தப் பாத்து, யோசிச்சு முடிவு பண்ணலாம்."

வீட்டில் நந்தினி சங்கிலியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னா, சாமிக்குத் தங்கம் வேணாமாமா?" என்றாள். பரசுராமன் தண்ணீர் கேட்டார்.

பயந்துபோன ஜனங்கள் உட்கார்ந்து கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுதான் விலையைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அதில் உட்காருவதை மட்டும் நாம் ஒழுங்காகச் செய்துவிடுகிறோம்.