இதுக்குப் போய் மெக்கானிக்கா?

‘எதையும் தானே செய்வார்’ என்று ஓர் இனம் இருக்கிறது. பார்த்தால் மனிதரைப் போலவே இருப்பார். ஒன்பது நிமிட வீடியோவை நாலு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கார் எஞ்சினின் மூடியைத் திறந்து, இடுப்பில் கைவைத்து நின்று, உலகத்து மெக்கானிக்குகள் எல்லாம் நாளை முதல் எப்படிப் பிழைப்பார்களோ என்று இரக்கப்படுவார். அவர் மாட்டாமல் மிச்சம்வைத்த ஸ்க்ரூக்களை உருக்கினால் ஒரு பாலம் கட்டலாம். சின்னப் பாலம்தான், எனக்கு மிகைப்படுத்தத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கார் போகிற போக்கில் நின்று நின்று போனது. எரிபொருள் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்று எஞ்சினுக்குச் சொல்லும் சென்சார் பழுது. கட்டைவிரல் அளவுப் பொருள். மனைவிக்கோ அன்று பத்து மணிக்கு ஊரின் மறுகோடியில் நேர்முகத் தேர்வு. ஆறு வருடம் காத்திருந்த பதவி உயர்வு.

“ஏங்க, மெக்கானிக்கைக் கூப்பிடலாமே?”

“இதுக்குப் போய் மெக்கானிக்கா? ஒண்ணைக் கழட்டணும், ஒண்ணை மாட்டணும். நீ போய்க் கிளம்பற வழியைப் பாரு.”

குழாயில் இருக்கும் அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும் என்று வீடியோ சொன்ன இடத்தைத்தான் அவர் ஓட்டிவிட்டாரே! பெட்ரோல் பீய்ச்சி மீசையை நனைத்தது. “அது அப்படித்தான் வரும்” என்றார். இந்த இனத்துக்கு எதுவும் தவறாக நடப்பதில்லை. எல்லாம் அப்படித்தான் வரும்.

பழைய சென்சார் கைக்கு வந்ததும் பெருமை தாங்கவில்லை. துடைத்தார், ஊதினார், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார், புதியதன் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து மைத்துனருக்கு அனுப்பினார். பிறகு, இரண்டில் எது பளபளவென்று இருந்ததோ அதை எடுத்து மாட்டினார்.

சாவியைத் திருப்பினார். கார் இருமியது. நின்றது. மணி எட்டரை.

நிமிர்ந்து பார்த்தால், வாசலில் மெக்கானிக்.

“உன்னை யாருப்பா வரச் சொன்னது?”

“அம்மாதான் சார். எட்டரைக்கு வந்தா சரியா இருக்கும்னாங்க.”

“எப்போ சொன்னா?”

“நேத்தே சொல்லிட்டாங்க.” எஞ்சினுக்குள் குனிந்தவர், “பழசையே திரும்ப மாட்டியிருக்கீங்களே சார்!” என்றார்.

“தெரியும்பா. கெட்டுப்போனது அதுதானான்னு உறுதிப்படுத்திக்கிட்டேன்.”

பத்தே நிமிடத்தில் கார் உறுமியது. மனைவி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார், பதவியும் கிடைத்தது. “நான் மட்டும் அன்னிக்குக் காரைப் பார்க்கலைன்னா இவ மேனேஜரா ஆகியிருப்பாளா?” என்று அவர் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அவர் துடைத்துக்கொண்டிருந்தபோதே, ‘நானா இருந்தா பழசுல ஒரு கோடு போட்டு வச்சிருப்பேன்’ என்று உங்களுக்குத் தோன்றியதோ? தோன்றியதென்றால், கையில் இருக்கும் ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்துவிடுங்கள்.