தரைக்கு மிக அருகில் ஒரு கோல்கீப்பர்

உலகக் கால்பந்து வரலாற்றை இனிமேல் எழுதப்போகிறவர்கள் அதைத் தாம்பரத்துக்கு முன், தாம்பரத்துக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம். மற்ற ஊர்களில் ஆட்டக்காரனுக்கு என்ன வரும் என்று பார்த்து அவனுக்கு ஓர் இடம் கொடுக்கிறார்கள். அந்தப் பிற்போக்கு வழக்கத்தை ஒழித்துக்கட்டிய பெருமை தென்புறநகர் தண்டர்ஸ் கால்பந்துக் கழகத்தையே சேரும்.

அந்தக் கழகத்தில் மாதச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவன் பொன்னுரங்கம். பள்ளிக்கரணைக்காரன். ஷூவோடு அளந்தால் ஐந்தடி இரண்டு அங்குலம். ஷூ இல்லாமல் அளக்க அவன் யாரையும் விட்டதில்லை. ஆனால் வலது ஓரத்தில் பந்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டானென்றால், எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் அவன் போன பிறகு அவன் இருந்த இடத்தை மும்முரமாக மறித்துக்கொண்டு நிற்பார்கள். போன பருவத்தில் கழகம் போட்ட கோல்களில் பாதி அவனுடையது. மீதியில் பெரும்பாலானவை அவன் கொடுத்த பந்துகள். ஒருவன் ஒரே இடத்தில் இத்தனை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் நிர்வாகம் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ளும்?

ஆறடி உயர கோல்கீப்பர் எபிக்குத் துபாயில் வேலை கிடைத்தது. அவன் விமானம் ஏறியதும் கழகத் தலைவர் அரிகிருஷ்ணன் ஜிஎஸ்டி சாலை ஓட்டல் ஒன்றின் மாடியில் அவசரக் கூட்டம் போட்டார். தலைவர் அஸ்தினாபுரத்துப் பழைய குடும்பம். அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் மனை போட்டார். கால்பந்தில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. ஒருமுறை எதிரணிக்கு கார்னர் கிக் கொடுக்கப்பட்டபோது எழுந்து நின்று, "கார்னர் நம்ம பக்கத்துல தான கீது? அத்த இன்னாத்துக்கு அவனுங்களுக்குக் குடுக்கற? மூலை மனைக்கு இன்னா டிமாண்டு தெரியுமா?" என்று நடுவரிடமே நியாயம் கேட்டவர்.

கூட்டத்தில் மினி டிபனுக்குப் பிறகு கேஷவ் எழுந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் ஆட்களை வேலைக்கு எடுத்து, வேலையை விட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது கழகத்தின் 'செயல்திறன் இயக்குநர்'. திரையில் ஒரு படத்தைப் போட்டார்.

"சார், லீக்ல விழற கோல்ல மெஜாரிட்டி தரையோட உருண்டு வர்ற பந்து. அப்ப கோல்கீப்பருக்கு என்ன குவாலிஃபிகேஷன் வேணும்? தரைக்குப் பக்கத்துல இருக்கணும். நம்ம டீம்ல தரைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறது யாரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி நாற்காலியில் கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம், தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

"மேல வர்ற பந்து?" என்று பயிற்சியாளர் ஜோஷ்வா மெல்லக் கேட்டார்.

"அது நம்ம ஸ்கோப்லயே வராது கோச். தாம்பரத்துல வானம் ஏர்ஃபோர்ஸ் கண்ட்ரோல்."

பொன்னுரங்கம் எழுந்தான். "சார், நான் ஓடறவன். என்னப் போயி நிக்கச் சொல்றீங்களே."

"அதான் பாயிண்டே! வேகமா இருக்கறவர் நின்னாருன்னா, அந்த வேகம் பூரா சேமிப்புல இருக்கும்."

சேமிப்பு என்ற சொல் தலைவருக்குப் பிடித்திருந்தது. கழக நலன் கருதி, உடனடியாக அமலுக்கு வரும் வகையில், பொன்னுரங்கம் கோல் கம்பத்துக்கு இடமாற்றம் செய்யப்பட்டான். காலியான வலது ஓரம் தலைவரின் தங்கை மகன் வெற்றிவேலுக்குப் போனது. அவன் ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ. இந்த இரண்டு முடிவுகளுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்பதைத் தலைவர் யாரும் கேட்பதற்கு முன்பே தெளிவுபடுத்தினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஜோஷ்வா மட்டும் இரண்டு மனதாக இருந்தார். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்ததால் அதில் ஒரு மனதை அவர் வெளியே காட்டவில்லை.

அன்று சாயங்காலம் பொன்னுரங்கம் எபியின் பழைய ஜெர்சியோடு வீட்டுக்குப் போனான். மனைவி ஹேமாவதி அதை விரித்துப் பார்த்தாள்.

"இன்னாயா இது, நைட்டி எடுத்துகினு வந்துகீற? நல்லா தான் கீது."

"கோலி ஜெர்சி. எனக்குத் தான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை கோழிக்கோட்டுலேந்து பெரிய கிளப்பு ஆளு உன்னப் பாக்க வர்றாருன்னு சொன்னியே. அவரு இன்னாத்தப் பாக்க வர்றாரு? நீ ஓடறதயா, நிக்கறதயா?"

"ஓடறத."

"பின்ன?"

அவனுக்கு வயது இருபத்தேழு. காலில் இருக்கிற வேகம் இன்னும் மூன்று வருஷமோ நான்கு வருஷமோ. பெரிய கிளப் எதுவும் அவனை இதுவரை பார்க்க வந்ததில்லை. போனில் விசாரித்தவர்களெல்லாம் உயரத்தைக் கேட்டதோடு போனை வைத்துவிடுவார்கள். இந்த ஒருவர்தான், "உயரம் கிடக்கட்டும், ஓடறதப் பாக்கணும்" என்றிருந்தார். பொன்னுரங்கம் அந்த நைட்டியின் கையை நான்கு மடிப்பு மடித்துப் போட்டுப் பார்த்தான். இடுப்பில் கயிறு கட்டினால் சமாளிக்கலாம் போலிருந்தது. ஹேமாவதி வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்குத் தாம்பரம் மைதானத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மைதானத்தின் ஒரு கோடியில், வெயில் படாத தூரத்தில், நிர்வாகிகளுக்குப் பந்தல். முதல் பாதியில் எதிரணி இரண்டு கோல் போட்டது. இரண்டும் ஒரே மாதிரி. பந்து உயரே வந்தது, பொன்னுரங்கம் எம்பினான், பந்து அவன் தலைக்கு மேலே நிதானமாக உள்ளே போனது. இரண்டாவது தடவை அவன் பந்தைப் பிடிக்க அத்தனை வேகமாக வெளியே ஓடி வந்ததில், பந்து வந்து சேர்வதற்குள் அதைத் தாண்டியே போய்விட்டான். ஜனங்கள் சிரித்தார்கள். நான்கு வருஷமாக அவன் பெயரைச் சொல்லிக் கத்திய ஜனங்கள்தான். வலையிலிருந்து பந்தை எடுக்கக் குனிந்தவன் நிமிர நேரமெடுத்துக்கொண்டான்.

பந்தலில் கேஷவ் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார். "சார், தரையில வந்த பந்து ஒண்ணுகூட உள்ள போகல. நம்ம மாடல் வேலை செய்யுது!"

"பின்ன அந்த ரெண்டு கோலு?"

"அது மாடலுக்கு வெளியே நடந்தது சார்."

இடைவேளையில் பொன்னுரங்கம் உடை மாற்றும் கொட்டகைக்குப் பின்னால் போனான். அங்கே வெற்றிவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பொன்னுரங்கம் அவன் முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தான்.

"அண்ணா, என்னால ஓட முடியல. உன் எடத்தக் கேட்டது நான் இல்லண்ணா. மாமா தான் போட்டாரு. நான் காலேஜ்ல வாலிபால் ஆடினவன். எனக்குக் கால் வராது, கைதான் வரும்."

பொன்னுரங்கம் அவன் கைகளைப் பார்த்தான். ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம். மேலே நிமிர்ந்து அவன் தலையைப் பார்த்தான். பிறகு தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

"கய்ட்டு."

"எத அண்ணா?"

"ஜெர்சிய. மாத்திக்கலாம்."

"மாமா பாத்தா பேஜார் ஆயிடும்."

"உங்க மாமா மேட்ச்ச எப்ப பாத்துகீறாரு?"

ஆடுகிறவன் ஒருவனும் கோல்கீப்பரும் இடம் மாற்றிக்கொள்ளலாம். நடுவரிடம் சொன்னால் போதும். சொல்ல வேண்டிய ஜோஷ்வா கொட்டகை வாசலில் நின்று இருவரையும் பார்த்தார். எபியின் ஜெர்சி வெற்றிவேலுக்குக் கச்சிதமாக இருந்தது. அவருக்கு அந்த இரண்டாவது மனது வெளியே வந்துவிட்டது. "நான் சொல்லிக்கிறேன், போங்கடா," என்று நடுவரைத் தேடிப் போனார்.

இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பொன்னுரங்கத்திடம் பந்து வந்தது. ஒருவனை உள்ளே போவதுபோல் காட்டி வெளியே கடந்தான். அடுத்தவன் காலை நீட்டினான், அந்தக் காலுக்குமேல் தாண்டினான். மூன்றாவது ஆள் வந்து சேர்வதற்குள் பந்து வலையில் இருந்தது. மைதானமே எழுந்து நின்றது. இந்தப் பக்கம் உயரே வந்த பந்துகளை வெற்றிவேல் வாலிபால் வலைக்கு மேல் தடுப்பதுபோல் தட்டித் தட்டி அனுப்பினான். பந்து அவனிடம் போய்த் திரும்புவது சுவரில் அடித்துத் திரும்புவதுபோல் இருந்தது.

பந்தலில் பெருமிதம் பொங்கியது.

"சார், பாத்தீங்களா? பொன்னுரங்கம் கோல்ல எவ்ளோ நல்லா செட் ஆயிட்டாரு!"

அரிகிருஷ்ணன் கண்ணைச் சுருக்கினார். "ஆளு கொஞ்சம் உசரமாத் தெரியறானே?"

"கான்ஃபிடன்ஸ் சார்."

"எந்தங்கச்சி மவன் இன்னா ஓட்டம் ஓடறான் பாத்தியா! ஆனா ரொம்ப எளச்சிட்டான்பா."

"நம்ம டயட் ப்ளான் சார்."

பொன்னுரங்கம் இன்னொரு கோல் போட்டான். மூன்றாவதற்குப் பந்து எடுத்துக் கொடுத்தான். மூன்றுக்கு இரண்டு. தண்டர்ஸ் வென்றது.

கோழிக்கோட்டுக்காரர் ஆட்டம் முடிந்ததும் அவனைத் தேடி வந்தார். "சாரி மோனே, வேளச்சேரி ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டிட்டேன். செகண்ட் ஹாஃப் மட்டும்தான் பாத்தேன்," என்றார். தாம்பரத்துப் போக்குவரத்து நெரிசல் ஒரு மனிதனுக்கு நன்மை செய்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். உன் கிளப்போடு ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டார். இந்த மாதம் என்றான் பொன்னுரங்கம்.

அடுத்த வாரம் குரோம்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் வெற்றி விழா. அதற்குள் ஜெர்சி மாறிய விஷயம் நிர்வாகத்துக்குத் தெரிந்துபோயிருந்தது. ஆனால் கேஷவ் கலங்கவில்லை. முதல் பாதி முழுக்கக் கோலில் நிற்க வைத்ததால்தான் பொன்னுரங்கத்தின் வேகம் சேமிப்பாகி, இரண்டாவது பாதியில் வட்டியோடு வந்தது என்று படம் போட்டு விளக்கினார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அனுமதியின்றி ஜெர்சி மாற்றிய குற்றத்துக்குப் பொன்னுரங்கத்துக்கும் வெற்றிவேலுக்கும் கண்டனம் தெரிவித்தார்கள். கண்டனம் தெரிவிக்கத் தவறிய குற்றத்துக்கு ஜோஷ்வாவுக்கும் தெரிவித்தார்கள். இனி எல்லா ஆட்டத்திலும் முதல் பாதியில் பொன்னுரங்கமே கோல்கீப்பர் என்ற அறிவிப்புக்கு மேடையில் எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு நன்றி சொல்ல அவனை அழைத்தார்கள்.

பொன்னுரங்கம் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினான். கீழே முன்வரிசையில் ஹேமாவதி இருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கோழிக்கோடு கிளப்புக்குப் போறேன் சார். அங்க ரைட் விங்கு."

மண்டபம் சலசலத்தது. அரிகிருஷ்ணன் எழுந்திருக்காமலே இன்னொரு மைக்கை வாங்கினார்.

"இன்னா பொன்னு இது? உன் வளர்ச்சிக்குத் தான இவ்ளோ பண்ணோம்?"

"வளர்றதெல்லாம் பதினாறு வயசோட நின்னு போச்சு சார். ஓடறது தான் நிக்கல."

"கழகம் குடுத்த எடத்துல நிக்கணும்பா. ஒவ்வொருத்தனும் எனக்கு இன்னா தெரியுமோ அங்கதான் இருப்பேன்னு கெளம்பிட்டா, இந்தக் கழகம் இன்னாத்துக்கு ஆவறது?"

பொன்னுரங்கம் திரும்பி மேடையைப் பார்த்தான். தலைவர், செயல்திறன் இயக்குநர், துணைத் தலைவர்கள், இணைச் செயலாளர்கள், பொருளாளர் எல்லோரும் சால்வையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கழகத்துக்கு ஒண்ணும் ஆவாது சார்," என்றான் அவன். "இந்த மேடை மட்டும் தான் காலியாயிடும்."

வெற்றிவேல்தான் முதலில் கை தட்டினான். அடுத்தது ஜோஷ்வா. அப்புறம் மண்டபமே தட்டியது. இத்தனை சோதனைக்கு நடுவிலும் நிர்வாகிகள் காட்டிய உறுதியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மேடையிலிருந்து ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.