திரைக்குப் பின்னால் டோபி

பினாங்கு முழுவதிலும் சினிமா பார்க்கத் தெரிந்தவர் எங்கள் டோபி ஒருவர்தான். அவர் ஒரு படத்தைக்கூட முன்பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

ஊமைப்படக் காலம். கொட்டகையின் நடுவே வெள்ளைத் துணி தொங்கும். துணிக்கு முன்னால் நாற்காலிகள், துணிக்குப் பின்னால் மலிவான பலகைகள். பின்னால் இருப்பவர்களுக்கும் படம் தெரிவதற்காக ஆட்டத்துக்கு முன் துணியை நனைப்பார்கள். நனைப்பதும், வாரம் ஒருமுறை வெளுப்பதும் டோபியின் வேலை. அதற்குக் கூலியாக அவர் கேட்டு வாங்கியது பின்பலகையில் நிரந்தர இடம்.

அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். ஆகவே வெள்ளைக்காரர்கள் அனைவரும் இடதுகைக்காரர்கள் என்பது அவர் முடிவு.

"அப்படின்னா நீங்க வெளுக்கிற துரை சட்டையில வலது கையில மட்டும் ஏன் மசிக் கறை?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"அது இங்க வேலைக்கு வந்த துரை, தம்பி. படத்துல வர்றவன் வேற மாதிரி லா. ஆம்பளச் சட்டைக்குப் பொம்பளப் பக்கம் பித்தான் வச்சிருக்கான், பார்க்கலியா?"

ஒருமுறை காதலன் மண்டியிட்டு மோதிரம் நீட்டிய வேளையில் டோபி எழுந்து துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். "அந்தப் பொண்ணு மூக்குல மடிப்பு" என்று கொட்டகைக்கே விளக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் படக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். முன்வரிசை நாற்காலிக்கு இலவச பாஸ் உண்டு. என்னிடம் பிறர் பொறாமைப்படக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

அப்போது ஒரு ஐரோப்பியப் படம் வந்தது. சுவர்கள் சாய்ந்து நின்றன. கடிகாரத்துக்கு முள் இல்லை. ஒரு பெண் படியேறிக்கொண்டே இருந்தாள், உச்சியில் கடல், கடல்மேல் ஒரு குதிரை. இடையில் வந்த ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குறிப்பு வரணும். புரியலைன்னா சொல்லிடு, பாஸைப் புரியிறவனுக்குக் குடுத்துடறேன்" என்றார் ஆசிரியர்.

மறுநாள் காலை சூலியா தெரு தேநீர்க்கடையில் கூட்டம். நடுவில் டோபி.

"சுவரெல்லாம் முறுக்கிப் பிழிஞ்ச வேட்டி மாதிரி நிக்குது. மேல போனா கடல். அதுல ஒரு குதிரை. என்னா வெள்ளை! முப்பது வருசமா சலவைச் சோடாவுலயும் நீலத்துலயும் நான் தேடுற வெள்ளை அது. ஒரு நிமிசம் நின்னுச்சு, போயிருச்சு."

கடைக்காரர் வாய் பிளந்து கேட்டபடி வடை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த தாளில் என் போன வாரக் குறிப்பு இருந்தது.

"கதை என்ன அண்ணே?" என்றேன், வேண்டுமென்றே.

"கதையா? அது நாற்காலிக்காரங்களுக்கு. எழுத்து வந்தா நான் கண்ணை மூடிக்குவேன் தம்பி. கண்ணுக்கும் ஓய்வு வேணும்ல."

கூட்டம் சிரித்தது. நான் நேராக அலுவலகத்துக்குப் போய்ச் சுவர், வேட்டி, கடல், குதிரை, முப்பது வருட வெள்ளை எல்லாவற்றையும் எழுதி, அடியில் என் பெயரைப் போட்டேன்.

"இப்பத்தான் நீ கண்ணால பார்த்து எழுதியிருக்க" என்றார் ஆசிரியர். பாஸ் தப்பியது.

இரண்டு நாள் கழித்து டோபி என் அறைக்கு வந்தார். ஒரு கையில் என் சட்டைகள், மறு கையில் பத்திரிகை. யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். திருட்டுக்குச் சண்டை வரும் என்று எழுந்து நின்றேன்.

"தம்பி, அந்த வெள்ளை உங்களுக்கும் தெரிஞ்சுதா?" குரல் இறங்கியிருந்தது. "தேத்தண்ணிக் கடையில கேட்டவன் எல்லாம் சிரிச்சுட்டுப் போயிட்டான். எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுதோன்னு பயந்துட்டேன்."

எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறக் குதிரை ஒன்று.

"தெரிஞ்சுது அண்ணே" என்றேன்.

அந்த வாரச் சலவைக்கு அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒரே வெள்ளையைப் பார்த்தவர்களுக்குள் கூலி என்ன என்றார்.

அதன்பின் அந்தக் கொட்டகையில் என் முன்வரிசை நாற்காலி பல மாலைகள் காலியாகவே கிடந்தது. பின்பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து வந்தபோதெல்லாம் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வெள்ளையை இன்னும் நான் பார்க்கவில்லை. என்றாவது பார்த்துவிட்டால், அவரிடம் நான் சொன்ன பொய் ஒன்று குறையும்.