நம் அணியை இயக்க அனுமதி இல்லை

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு, உன் அக்காவின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது.

நான் இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கவும் அவசியமில்லை. மூன்று நாளாக உன் அக்கா அங்கேதான் இருக்கிறாள், உங்கள் நலத்துக்கு என்ன குறைச்சல். குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மருந்துக்கடை நன்றாக நடக்கட்டும், ஆனால் யாருக்கும் நோய் வராமல் நடக்கட்டும். ஃபோனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். உங்கள் வீட்டு ஃபோனை இப்போது யார் முதலில் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை, அவள் உன்னிடம் என்ன சொன்னாளோ தெரியாது. "சும்மாதான் வந்தேன், உங்க டி.வி. பெருசா இருக்கு" என்று சொல்லியிருப்பாள். உண்மை அதுவல்ல. வரும் ஞாயிற்றுக்கிழமை உலகக் கோப்பை தொடங்குகிறது. அதற்குள் நீ அவளை எப்படியாவது இங்கே அனுப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்பது குடும்பங்களுக்கு முன்னால் என் மானம் கப்பலேறிவிடும். நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன்.

எல்லாம் இரண்டாம் மாடியில் இருக்கும் பல் டாக்டரால் வந்தது. அவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்று, "சார், உலகக் கோப்பைக்கு முன்னாடி எந்த டீமுக்கு என்ன வாய்ப்புன்னு நீங்க ஒரு மதிப்பீடு எழுதித் தரணும், லிஃப்ட் பக்கத்துல போர்டுல ஒட்டலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்து நாலு வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். எந்தத் தொழிற்சாலையின் கொதிகலன் வெடிக்கும், எது வெடிக்காது என்று கேட்டால் சொல்வேன். கிரிக்கெட்டில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதே எனக்குச் சந்தேகம். "நானா?" என்றேன். "பின்ன யாரு சார்? மேட்ச் நடக்குறப்ப உங்க வீட்டுலேர்ந்து வர்ற குரலை இந்த பில்டிங்கே கேக்குதே. ஃபீல்டரை எங்க நிறுத்தணும்னு நீங்க கத்துறீங்க, அடுத்த பந்துலயே அங்க கேட்ச் போகுது!" என்றார்.

அது உன் அக்காவின் குரல். அச்சு அசல் என் குரல் மாதிரியே கனமாக இருக்கும், உனக்குத் தெரியாததா? எங்கள் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தால் அவள் எடுத்து "ஹலோ" என்பாள், என் மேலதிகாரியே "என்னய்யா, ரிப்போர்ட் எங்கே?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அவளும் அசராமல், "நாளைக்கு வந்துடும் சார்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்தக் குரலைத்தான் டாக்டர் என்னுடையது என்று நினைத்துவிட்டார். அப்போதே "அது நான் இல்லை, என் மனைவி" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆறு வருஷத்தில் என்னிடம் ஒரு ரிப்போர்ட் எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரி, அவளிடமே கேட்டு எழுதலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கல்யாணமான புதிதில் அவள் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "வாங்க, ஒரு ஓவர் பாருங்க" என்று கூப்பிட்டாள். "மரக்கட்டையை வெச்சுக்கிட்டு ஓடறதைப் பாக்க எனக்கு நேரமில்லை" என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷமாக அவள் கூடத்தில், நான் உள்ளே. இப்போது போய் எந்த முகத்தோடு கேட்பது? ஆகவே வெங்காயம் நறுக்கித் தருகிறேன் என்று அடுப்படியில் உட்கார்ந்தேன். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது, அவள் டி.வி.யைத் திட்டுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும். தட்டுக்கு அடியில் நோட்டு. பன்னிரண்டு நாள், ஒன்பது கிலோ வெங்காயம். "இவருக்கு என்ன ஆச்சு?" என்று அவள் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததால் எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

அவள் சொன்னதையெல்லாம் எங்கள் இலாகாப் படிவத்தில் ஏற்றினேன். தொழில் தர்மப்படி, ஒரு பாய்லர் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பது முக்கியமில்லை, அழுத்தம் கொடுத்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதுதான் முக்கியம். நாடுகளின் பெயர் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, அடுப்படியிலிருந்து சட்டைதான் தெரிந்தது. மஞ்சள் சட்டைக்காரர்களைப் பற்றி அவள், "இவனுங்க தூங்குற மாதிரியே இருப்பானுங்க, கப்பைக் கொண்டாந்து மேஜைல வெச்சதும் எழுந்துடுவானுங்க" என்றாள். நான் எழுதினேன்: "வெளியே துரு, உள்ளே தகடு கெட்டி. முழு அழுத்தம் தாங்கும்." கறுப்புச் சட்டைக்கு, "தங்கமான பசங்க, கடைசி மேட்ச்ல தோத்துட்டு எல்லாருக்கும் கை குடுத்துட்டுப் போவாங்க" என்றாள். "பராமரிப்பு மிக நன்று. இறுதிக் கட்டத்தில் மெல்லிய கசிவு" என்று போட்டேன். பச்சைச் சட்டையில் ஒரு அணி, "இவங்க எப்ப ஜெயிப்பாங்கன்னு இவங்களுக்கே தெரியாது" என்றாள். "அழுத்தமானியின் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆய்வாளர் தூரத்தில் நிற்பது நலம்." இப்படிப் பத்து அணி. கடைசியாக, தொப்பி போட்டுக்கொண்டு வெறுமனே நின்ற இரண்டே இரண்டு பேரைப் பதினோராவது அணியாகச் சேர்த்து, "ஆள் பற்றாக்குறை இருந்தும் சிறிதும் பதற்றமில்லை, எந்தப் பந்துக்கும் அசையவில்லை, பரிந்துரைக்கிறேன்" என்று எழுதினேன். அவர்கள் நடுவர்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

நம் அணிக்கு வருவோம். "பத்து ஓவர் வரைக்கும் ராஜா. மூணு விக்கெட் போனா பரீட்சைல கேள்வி தெரியாத மூஞ்சி. அந்த நாலாவது ஆளை மாத்துங்கடான்னு தொண்டை கிழியக் கத்துறேன், எவன் கேக்குறான்!" என்றாள். நான் எழுதியது: "நான்காவது இணைப்பில் விரிசல். பழுது நீக்கி மறு ஆய்வு செய்யும் வரை இந்த அணியை இயக்க அனுமதி இல்லை." கீழே என் கையெழுத்து, பழைய பதவி, ரப்பர் ஸ்டாம்ப்.

ஒட்டிய ஒரு மணி நேரத்தில் லிஃப்ட் வாசலில் கூட்டம். முதல் மாடி வக்கீலம்மா, "நாட்டோட டீமை இயக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?" என்று நோட்டீஸ் அனுப்பப் போவதாகச் சொன்னார். நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார், யாரிடமும் வாய் திறக்கமாட்டார், அவர்கூட என்னைப் பார்த்துக் கையை மடக்கி மடக்கி விரித்தார். இரண்டு நாள் நான் மாடிப்படி வழியாகத்தான் போய் வந்தேன். அப்புறம் பயிற்சி ஆட்டம் நடந்தது. நம் அணி பத்து ஓவர் ராஜா மாதிரி ஆடியது, மூன்று விக்கெட் போயிற்று, நான்காவது ஆள் வந்தார், போனார், பின்னாலேயே எல்லோரும் போனார்கள். அவ்வளவுதான், நான் ஞானியாகிவிட்டேன். வக்கீலம்மா எனக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நடுவர்களையும் ஒரு அணியா பாத்தீங்களே, என்ன ஆழம் சார்!" என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை கீழ்க் கூடத்தில் பெரிய திரை கட்டி, என் கையில் மைக் கொடுத்து, ஓவருக்கு ஓவர் விளக்கம் சொல்ல வைப்பதென்று சங்கத்தில் தீர்மானமே போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை நானும் உன் அக்காவும் காய்கறிப் பையோடு லிஃப்டுக்கு நிற்கும்போது டாக்டர் வந்தார். அவளைப் பார்த்து, "உங்களுக்குத்தான் கஷ்டம்மா. சார் இப்படி நாள் முழுக்க கிரிக்கெட் பாத்துக் கத்தினா நீங்க எப்படித் தாங்குறீங்க?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் அசடு வழிய "ஹி ஹி" என்றேன். அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போர்டு முழுவதையும் முதல் வரியிலிருந்து ஸ்டாம்ப் வரை படித்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பதினோராவது அணியை அடித்தாள். மேலே வந்து பெட்டியில் துணியை அடுக்கினாள். "டீமைப் பத்தி அப்படி எழுதினதுக்கா கோபம்?" என்று கேட்டேன். "முப்பத்தொரு வருஷமா நான் பேசினது எதுவும் உங்க காதுல விழலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எல்லாம் விழுந்திருக்கு. அதான் கோபம்" என்றாள். போய்விட்டாள்.

மாப்பிள்ளை, வீடு நன்றாக இல்லை. நேற்று நானே டி.வி.யைப் போட்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பயிற்சி ஆட்டம் பார்த்தேன். ஒரு பையனுக்குப் பந்து காலில் பட்டது. வலி தாங்காமல் முகத்தைச் சுளித்தான். ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு நடுவர் விரலைத் தூக்கி அவனை வெளியே அனுப்பிவிட்டார். குச்சி மூன்றும் அப்படியே நிற்கின்றன, பந்தை யாரும் பிடிக்கவும் இல்லை. "ஏன் அவுட்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பதில் சொல்ல ஆளில்லை. எனக்கு அப்போது அழுகையே வந்துவிட்டது, அன்றைக்கு வெங்காயமும் கிடையாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். எனக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம் என்று அவளிடம் சொல். மாத்திரை அனுப்பிவிடாதே, அக்காவை அனுப்பு. கூடத்தில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லட்டும், நான் மைக்கில் சொல்லிவிடுகிறேன். விஷயம் வெளியே போக வேண்டாம். அப்படியே அந்தப் பையன் ஏன் அவுட் என்றும் பேச்சுவாக்கில் கேட்டு எழுது.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. எல்லோரும் நீண்ட ஆயுளோடும், ஒழுகாத குழாய்களோடும் வாழ வேண்டுமென்று மனதார வாழ்த்தும்,
உன் அக்கா வீட்டுக்காரர்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கீழே இறங்கினேன். லிஃப்ட் வாசலில் டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் நீங்க ஃபோன்ல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்களே சார், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. 'எனக்கு கிரிக்கெட்டே தெரியாது, எல்லாம் என் வீட்டுக்காரி சொன்னது, மைக்கை அவகிட்ட குடுங்க'ன்னு சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?" என்றார். நான் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. நம்பரைக் காட்டச் சொன்னேன். உன் மருந்துக்கடை நம்பர். ஆக, நீயும் உடந்தை.

இந்தத் தடவை நான் "ஹி ஹி" என்று சொல்லவில்லை. "டாக்டர், அந்த ஃபோனும் நான் இல்லை, அதுவும் அவதான்" என்று சொல்லிவிட்டேன். வக்கீலம்மா பக்கத்திலேயே நின்று கேட்டார். நீச்சல் பயிற்சியாளர் முதல் முறையாக வாய் திறந்து, "அடப்பாவி" என்றார். என் மானம் கப்பலேறிவிட்டது, ஆனால் மனசு லேசாகத்தான் இருக்கிறது. அவள் சனிக்கிழமை வருகிறாளாம், அதையும் அதே ஃபோனில் என் பெயரிலேயே டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். மைக்குக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறாளாம், ஒன்று எனக்கு. கேள்வி கேட்கலாம், ஆனால் ஓவர் நடுவில் கேட்கக் கூடாது என்று நிபந்தனை.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. ஜுரம் என்று சொல்லாதே. அந்தப் பையன் ஏன் அவுட் என்றும் கேட்காதே. அதை ஞாயிற்றுக்கிழமை நானே அவளிடம் கேட்டுக்கொள்கிறேன், ஓவர் முடிந்த பிறகு.