முன்சக்கரத்துச் சத்தம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. கலியம்மாள் பின்பக்கம்தான் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருக்கிறாள். என் பொண்டாட்டிக்குக் காது கூர்மை. எவ்வளவு கூர்மை என்று எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது.

அவளுக்கு ஒரே அண்ணன், அரங்கநாதன். ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரித் தோப்பு. அவர் மகள் பூவிழி கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைத்த விதத்தைக் கேளுங்க. செல்போனில் அனுப்பினார். தாம்பாளம் இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை, வேப்பந்தட்டை வரைக்கும் வந்து நம் வாசலில் நிற்கவும் இல்லை. உரக்கடைக்காரன் அனுப்பிய குட்மார்னிங்குக்குக் கீழே, என் மச்சான் வீட்டுக் கல்யாணம். அன்றைக்கே முடிவு பண்ணினேன். அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். அந்த வீட்டுப் பொருள் ஒன்றையும் இந்தக் கையால் வாங்க மாட்டேன்.

கல்யாணத்துக்குக் கலியம்மாள் மட்டும் பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருக்கிற நாளில் நம் வீட்டில் ரசம் கூட ஆறிப்போய்த்தான் வரும்.

அப்புறம் மாசி மாசம் அரங்கநாதனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் நின்றுவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

"ஒரு எட்டு கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"பஸ்ஸுல போயிட்டு வா."

"தனியா போயி நின்ன ஒரு தடவ போதும். இப்பவும் நான் மட்டும் போயி நின்னா, அண்ணன் கண்ணு உங்களத்தான் தேடும். மாலையோடதான் வருவீங்களா?"

அப்போது என்னைக் காப்பாற்றியது என் கார்தான். பழைய கார், வெள்ளை நிறம், என்னைப் போலவே முன்பக்கம் கொஞ்சம் தளர்ச்சி. சில நாளாக எந்தக் குழியில் இறங்கினாலும் 'டொக்' என்று ஒரு சத்தம். பெரம்பலூரில் கலைச்செல்வன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து ஆட்டினான். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது.

பால் ஜாயிண்ட் போச்சு என்றான். நம் இடுப்பு மூட்டு மாதிரிதானாம் அது. கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. சக்கரம் ஏறி இறங்கவும் திரும்பவும் அதுதான் விட்டுக்கொடுக்கிறது, கழன்று போகாமலும் அதுதான் பிடித்துக்கொள்கிறது. சுற்றி ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே. மண் தின்னத் தின்ன குண்டு தேய்ந்து, ஒருநாள் கிண்ணத்தை விட்டே வந்துவிடும். அப்போது சக்கரம் அப்படியே பக்கவாட்டில் படுத்துவிடும். வண்டியைத் தூக்குகிற போதெல்லாம் அந்த உறையைப் பாருங்க, கிழிசல் கண்டதும் மாற்றிவிடுங்க என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கலியம்மாளை உட்காரவைத்து, சொம்பும் கொட்டாங்குச்சியும் வைத்துப் பாடம் நடத்தினேன்.

"அரியலூரு ரோடு பூரா சிமெண்டு லாரி. அங்க வச்சு சக்கரம் படுத்துச்சுன்னா, உங்க அண்ணனுக்கு முன்னாடி நமக்குத்தான் மாலை."

"எப்பவும் சத்தம் கேக்குமா?"

"குழியில எறங்குனா கேக்கும். ஒடிச்சுத் திருப்புனா கேக்கும். நல்ல ரோட்டுல கம்முனு இருக்கும். அதான் ஆபத்தே."

ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். அவளைப் பயமுறுத்தச் சொன்ன கதையில் நானே பயந்துபோனேன். மச்சான் மேல் கோபம் இருக்கலாம், உயிர் மேல் என்ன கோபம்? அவளுக்குத் தெரியாமல் போய் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். கலைச்செல்வன் வேலை அவ்வளவு சுத்தம். திரும்பி வரும்போது வண்டியில் ஒரு முனகல் இல்லை. சத்தமில்லாத காரை வைத்துக்கொண்டு நான் எப்படி வீட்டுக்குப் போவது?

ஊருக்கு வெளியே நிறுத்தி, முன்சக்கரத்தை மூடியிருக்கிற வீல் கப்பை நெம்பி, உள்ளே நாலைந்து ஜல்லிக்கல்லைப் போட்டு மூடினேன். மெதுவாக உருட்டினேன். கடகடகட. ஊரே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு நிம்மதி.

சித்திரை பிறந்தது. ஆண்டிமடத்திலிருந்து வருகிற போனில் நல்ல சேதி ஒன்றும் இல்லை. கஞ்சி கூட இறங்கவில்லை என்றார்கள். கலியம்மாள் போனை வைத்துவிட்டு வந்து, காருக்கு இன்னும் சத்தம் கேக்குதா என்பாள். உனக்குக் கேக்கலியா என்பேன். கேக்குது என்பாள். அவ்வளவுதான் பேச்சு. இந்த வீட்டுச் சுவருக்கும் எனக்கும் கூட அதைவிடப் பேச்சு இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் காளி கோயிலுக்காவது கூட்டிப் போங்க, அண்ணனுக்கு வேண்டிக்கணும் என்றாள். மெதுவாகப் போனால் பரவாயில்லையாம். மாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. கடகட என்று உருட்டிக்கொண்டே போனேன். கோயிலில் கூட்டம். நான் உள்ளே வரிசையில் நின்றேன். அவள் காரில் எதையோ மறந்துவிட்டேன் என்று போய்விட்டு வந்தாள்.

கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வண்டி நகர்ந்தது. சத்தம் இல்லை. மெதுவாக விட்டேன். இல்லை. இன்னும் மெதுவாக விட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனைப் பிடித்து அமுக்கினான். அப்போதும் இல்லை.

"சத்தம் நின்னுடுச்சு பாத்தீங்களா" என்றாள் கலியம்மாள். "வேண்டிக்கிட்டு வெளிய கூட வரல, அதுக்குள்ள அம்மா உத்தரவு குடுத்துட்டா. ஆண்டிமடம் விடுங்க."

என்ன சொல்வேன்? சத்தம் நிற்காது, அதை நான்தான் போட்டேன் என்பதா? காளி பொய் சொல்கிறாள் என்பதா? அப்போதுதான் பின்சீட்டைப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில், அவளுக்கு ஒரு மாற்றுப்புடவை, எனக்கு ஒரு வேட்டி.

அரியலூர் ரோட்டில் ஒரு குழி விடாமல் இறக்கிப் பார்த்தேன். ஒரு 'டொக்' கேட்டால் போதும், திருப்பிவிடலாம். கேட்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் டீக்கு நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். என்ன தேடுறீங்க என்றாள். காத்து பாக்குறேன் என்றேன்.

அரங்கநாதன் கட்டிலில் கிடந்தார். அத்தனை பெரிய ஆள் அவ்வளவு சின்னக் கட்டிலில் இவ்வளவு இடம் விட்டுக் கிடப்பார் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் சம்சாரம் மலர்கொடி ஓரமாக நின்று சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவருக்குக் கால் இழுத்துக்கொண்டதாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று எங்கேயும் போகாமல், எல்லோருக்கும் பத்திரிகையைப் போனில்தான் அனுப்பினாராம்.

அதைக் கேட்ட பிறகும் என் வீம்பு இறங்கவில்லை.

கிளம்பும்போது மலர்கொடி புது முந்திரிக்கொட்டையை ஒரு பையில் கொண்டுவந்தாள். அரங்கநாதன் இடது கையால் அதை வாங்கி என் பக்கம் நீட்டினார்.

"வேணாங்க மச்சான். பல்லு சரியில்ல" என்றேன்.

கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் பையோடு கட்டிலில் விழுந்தது. நான் செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலுக்குப் போய்விட்டேன். கலியம்மாள் வரக் கொஞ்சம் நேரமானது. வந்தவள் காரை ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஏறினாள். அவர் அடுத்த அமாவாசையைத் தாண்டவில்லை.

அன்றைக்குத் திரும்பும் வழியில் ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் வண்டி மெதுவானது. கடகடகட.

ஓரமாக நிறுத்தினேன். இறங்கி வீல் கப்பை நெம்பினேன். உள்ளேயிருந்து முந்திரிக்கொட்டைகள் உருண்டு தெருவில் விழுந்தன. ஓடுகிறதை எல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கினேன். இரண்டு கையும் நிறைந்துவிட்டது.

கலியம்மாள் கண்ணாடியை இறக்கினாள்.

"குழியில எறங்குனாத்தான் சத்தம் வரும்னு நீங்கதான சொன்னீங்க. உங்க காரு நல்ல ரோட்டுல மெதுவாப் போனாத்தான் கத்துச்சு. அன்னிக்கே தெரியும் எனக்கு. உங்க கல்லு சிறுவாச்சூருல கெடக்கு."

நான் கை நிறையக் கொட்டையோடு நடுத்தெருவில் நின்றேன்.

"எங்க அண்ணன் குடுத்தத கையில வாங்கிட்டீங்கல்ல. ஏறுங்க" என்று சொல்லி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.