இன்ஜினியர் வருமுன் நான் பூசிய கூரை

என் வாழ்நாளில் யாரும் குறை சொல்ல முடியாதபடி நான் செய்து முடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதுதான் என் குடும்பத்தின் ஒன்றரை வருடத் தூக்கத்தைக் கெடுத்தது.

எங்கள் வீடு தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரக் குடியிருப்பில் அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்று மணலைத் தேடி அலையவில்லை. கண்ணெதிரே கிடந்த கடல் மணலை அள்ளிக் கலவை போட்டுவிட்டார். உப்பு உள்ளே இருந்துகொண்டு வேலையைக் காட்டியது. கம்பி துருப்பிடித்து உப்பி, கூரையிலிருந்து காரை பாளம் பாளமாக விழ ஆரம்பித்தது. ஒரு பாளம் கொதிக்கிற மீன் குழம்பில் விழுந்தது. இன்னொன்று கட்டிலில் மகள் படுக்கிற பாயில், அவள் எழுந்து பல் விளக்கப் போன பிறகு விழுந்தது. அன்றிலிருந்து என் மனைவி பிலோமினா பிள்ளையைக் கட்டிலுக்கு மேலே படுக்க விடவில்லை, அடியில்தான் படுக்க வைத்தாள்.

இப்படிப்பட்ட வீடுகளைச் சீரமைக்க அரசுத் திட்டம் ஒன்று வந்தது. நான் அப்போது சரக்குக் கப்பலில் இருந்தேன். ஆகவே அலைந்தது அவள்தான். ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், அந்த நகலுக்கு ஒரு நகல். விழுந்த காரையை பிஸ்கட் டின்னில் சேர்த்து எடுத்துப்போய் அதிகாரி மேஜையில் கொட்டிய பிறகுதான் பட்டியலில் எங்கள் பெயர் ஏறியது. இனி இன்ஜினியர் வந்து சேதத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனால் கூரையை மாற்றிக் கொடுப்பார்கள்.

அந்தச் சமயம் பார்த்து நான் லீவில் வந்து சேர்ந்தேன். வேம்பாரில் அவள் அக்கா மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை விழா. மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது பிலோமினா, "திங்கக்கிழம காலைல இன்ஜினியர் வாராரு. அதுக்குள்ள நான் வந்துருவேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள். கப்பலில் களைத்து வந்த மனுஷன் ஓய்வெடுக்கட்டும் என்று அன்போடு சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன். (பதினைந்து வருடம் தண்ணீரிலேயே இருந்தால் மூளை இவ்வளவுதான் வேலை செய்யும்.)

கப்பலில் எங்களுக்கு ஒரே வேதம்தான். சோதனை பண்ண ஆள் வருகிறாரா? துருவைச் சுரண்டு, பிரைமர் அடி, மேலே பெயின்ட் அடி. வருகிறவர் கண்ணில் ஒரு பொட்டுத் துரு படக்கூடாது. நான் அண்ணாந்து எங்கள் கூரையைப் பார்த்தேன். கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. ஒரு அதிகாரி வருகிற வீடா இது? கை அரித்தது.

இரண்டு நாள் சோறு தண்ணீர் மறந்து உழைத்தேன். துருவைத் தட்டி, கம்பிக்குச் சிவப்பு பிரைமர் அடித்து, சிமென்ட் பூசி, காயக் காய இரண்டு கோட் வெள்ளை பெயின்டும் அடித்தேன். சுவர் விரிசலையும் விட்டுவைக்கவில்லை. எதிர்வீட்டு சூசை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏலே அந்தோணி, இன்ஜினியர் வந்துட்டுப் போன பொறவு செஞ்சா என்னல?"

"போன பொறவு செஞ்சு என்ன பிரயோசனம் அண்ணாச்சி?" என்றேன். அவருடைய அறியாமையை நினைத்துப் பரிதாபமாக இருந்தது.

திங்கட்கிழமை பிலோமினாவின் பஸ் வருவதற்குள் இன்ஜினியரின் ஜீப் வந்துவிட்டது. சின்ன வயதுக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கழுத்து வலிக்கும் வரை மேலே பார்த்தார்.

"வீடு ஜம்முன்னு இருக்கே. யாரு மேஸ்திரி?"

"நான்தான் சார்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப நான் எதைப் படம் எடுக்க? சேதமே இல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சார், உள்ள எல்லாம் போச்சு சார்! இது மேல்பூச்சுதான்!" என்று கத்திக்கொண்டே ஸ்டூலில் ஏறி, சுத்தியலால் கூரையை அடித்தேன். ஓங்கி அடித்தேன். ஒரு துணுக்குகூட விழவில்லை. மூன்று வருடமாகக் கேட்காமலே விழுந்த கூரை!

"பாத்து அண்ணாச்சி, நல்ல வேலையைக் கெடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு, இன்ஜினியர் 'சேதம் இல்லை' என்று எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிலோமினா பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னத்த செஞ்சு வச்சிருக்கிய?"

அவ்வளவுதான் கேட்டாள். எத்தனை ஆபீஸில் விரட்டியபோதும் அழாதவள், ஜீப் போனதும் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கூரை அப்போதே என் தலையில் விழுந்தால் தேவலை என்றிருந்தது. அதுவும் விழவில்லை.

முதல் மழைக்குத்தான் விழுந்தது, பெயின்டோடு சேர்த்து. பிள்ளை மறுபடி கட்டிலுக்கு அடியில் போனாள். பிலோமினாவுக்கு மறுபடி மனு, மறுபடி நகல். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு இன்ஜினியர் வருகிறார் என்று தெரிந்ததும், சோற்றைக் கட்டிக் கையில் கொடுத்து என்னைப் புதுக்கோட்டையில் ஒரு சிநேகிதன் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள். நான் இல்லாத நேரத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. இப்போது புதுக் கூரைக்குக் கீழே, கட்டிலுக்கு மேலேதான் மகள் தூங்குகிறாள்.

போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் சவரம் செய்துகொள்ளலாம் என்று ரேசரை எடுத்தேன். பிலோமினா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அப்படியே வாங்க. பளபளன்னு போய் நின்னியன்னா, டாக்டரு சீக்கே இல்லன்னு எழுதி அனுப்பிருவாரு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நாலு நாள் தாடியோடுதான் போனேன். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் அட்மிட் செய்துவிட்டார்.